அறுபதில் ஒரு பங்கு

"நாளைலேர்ந்து அம்மாக்கண்ணு வேண்டாம் புஷ்பம். மிச்சம் இருக்கிற அரை ஏக்கர் கடலையைப் பிடுங்க செந்துறையில வேற ஆளு பேசிட்டேன்."

தேவவரம் ஐயா கடலைக் கொல்லையிலிருந்து அள்ளி வந்த ஒரு கை மண்ணை மேஜை மேல் கொட்டினார். மண்ணுக்குள் பத்துப் பன்னிரண்டு கடலை இருந்தது.

"பாரு. ஒரே இடத்துல இவ்வளவு. செடியைப் பிடுங்கிட்டு, கடலையை மண்ணுலயே விட்டுட்டுப் போயிடறா. கொத்திப் பாக்கறதே இல்லை. கேட்டா, மண்ணு இறுகிப் போச்சுங்கய்யாங்கறா."

"இறுகியிருக்கும்" என்றார் புஷ்பம் அம்மா, மேஜையைத் துடைத்தபடி.

"முந்தாநாள்தான் மழை பேஞ்சுது."

அந்தம்மா துணியை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஐயா இறையியல் கல்லூரியில் முப்பது வருஷம் எபிரேயம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மனைவி வழியில் வந்த நிலம் அரியலூர்ப் பக்கம் இருக்கவே, இங்கே வந்து உட்கார்ந்து வேதத்துக்கு விளக்கவுரை எழுதுகிறார். ஒரு வசனத்துக்கு நாற்பது பக்கம் எழுதுவார். அடுத்த தெருவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் மோட்டுவளையைப் பார்ப்பார்.

இப்போது அவர் கையில் இருப்பது, வயலை அறுக்கிறவன் ஓரத்தை ஏழைகளுக்கு விட்டுவிட வேண்டும் என்கிற வசனம். ஓரம் என்றால் எவ்வளவு? அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது என்று பழைய யூத குருமார் சொல்லியிருக்கிறார்களாம். அதைப் படித்த அன்றைக்கே மனுஷன் டேப்பைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டார். தார் ரோட்டோரமாக அங்குலம் பிசகாமல் அளந்து, சுற்றிக் கயிறு கட்டி, 'இந்தக் கடலை ஏழைகளுக்கு' என்று போர்டும் நட்டார்.

அடுத்த வாரம் புத்தகம் அச்சுக்குப் போகிறது. யாராவது வந்து பிடுங்கினால் ஒரு போட்டோ எடுத்து அந்த அத்தியாயத்தில் போடலாம் என்று ஆசை. ஆறு நாளாகியும் ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை.

"நம்ம ஊர்ல ஏழைங்களே இல்லை போலிருக்கு" என்று வருத்தப்பட்டார்.

சாயங்காலம் செல்போனைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடியும் கொல்லைக்குப் போனார். கயிற்றுக்குள் ஒருத்தரும் இல்லை. பிடுங்கி முடிந்த பக்கத்தில் ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்து, களைக்கொத்தியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். மடியில் பாதிக்குக் கடலை.

"யாரும்மா நீ?"

"முத்தாயிங்கய்யா. உங்களுக்கு அடுத்த தெருதான். போன வருஷம் பஸ்லேர்ந்து விழுந்து கால் ஒடிஞ்சிச்சுல்ல, அந்த முத்தாயி. இப்ப கூலி வேலைக்குப் போவ முடியலைங்க. தப்புக்கடலை பொறுக்கறேன், மண்ணுல தப்பிக் கிடக்கறதை."

"பொறுக்கிக்க, பொறுக்கிக்க. ஆனா அங்க போர்டு வெச்சிருக்கேனே, பாக்கலையா? செடியோட பிடுங்கிட்டுப் போவலாமே."

"பாத்தேங்க." முத்தாயி கிளறுவதை நிறுத்தவில்லை. "நிக்கிற பயிர்ல எப்படிங்க கை வெக்கிறது? அதுவும் ரோட்டோரமா. எம்பொண்ணு வர்ற ஸ்கூல் பஸ் இந்த வழியாத்தான் போவுது. அந்த போர்டுக்குக் கீழ என்னைப் பாத்துட்டா, நாளைக்கு அது பள்ளிக்கூடம் போவுமா?"

"அப்ப இது மட்டும் பரவாயில்லையா?"

"இது தப்புனதுங்க. பொறுக்குறவ பாடுபட்டு எடுக்கறது. யாரும் குடுத்தது இல்லையே."

பாதி வெளியே வந்த போன் பைக்குள்ளேயே போய்விட்டது. ஐயாவுக்கு வெட்கமாக இருந்தது. நாற்பது பக்கத்தில் அந்த ஸ்கூல் பஸ் எங்கேயும் வரவில்லை.

"தினம் வர்றியா?"

"ஒரு வாரமா வரேங்க. மத்த கொல்லையில ஒண்ணு விடாம கொத்தி எடுத்துடறாங்க. இங்கதான் நிறைய கிடைக்குது. அம்மாக்கண்ணு அக்காவுக்குக் கண்ணு சரியாத் தெரியலைன்னு நினைக்கறேன். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்கய்யா, கோவிச்சுக்கும்."

ஐயா வீடு திரும்பும்போது ஒரு கையில் போர்டு, தோளில் கயிறு. மேஜைக்குப் போய் நாற்பது பக்கத்தையும் எடுத்துப் பரணில் போட்டார். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டார்.

"அந்தச் செந்துறை ஆளு எத்தனை மணிக்கு வருவாங்க?" என்று கேட்டார் புஷ்பம் அம்மா. குரல் அவ்வளவு நன்றாக இல்லை.

"வேண்டாம்னு சொல்லிட்டேன். மிச்சத்தையும் அம்மாக்கண்ணே பிடுங்கட்டும். பாவம், அவ தெரியாமலே அந்த வசனத்தை நிறைவேத்திட்டிருக்கா." ஐயாவின் குரலில் இரக்கம் வழிந்தது. "கண்ணு மங்கிப் போச்சாம். பெரம்பலூருக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு கண்ணாடி வாங்கிக் குடுத்துடலாமா?"

புஷ்பம் அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அதெல்லாம் நல்லாத் தெரியுது அவளுக்கு. நம்ம கொல்லையில மட்டும் கண்ணு தெரியக்கூடாதுன்னு வருஷா வருஷம் சொல்லி அனுப்பறதே நான்தாங்க."