ஈரச் சுண்ணாம்பு

ஆரப்பாளையம் பொட்டலில் மேற்கு வெயில் கண்ணைக் குத்துகிறது. கோல் என்று விசில் ஊதிவிட்ட ரெப்ரி ஜனகராஜ், பந்தும் கையுமாகக் கோல்கம்பத்தின் முன் குனிந்து நிற்கிறார். வலை கிடையாது. இடைவேளையில் அவரே வெள்ளையடித்த மூங்கில், இன்னும் ஈரம் காயவில்லை. உட்பக்கச் சுண்ணாம்பு அப்படியே இருக்கிறது. வெளிப்பக்கத்தில்தான் ஒரு சாண் வழித்துக்கொண்டு போயிருக்கிறது. பந்தின் தோலிலும் அதே வெள்ளை. பந்து வெளியே போயிருக்கிறது. கீழக்குயில்குடி அணி ஜெயித்துவிட்ட களிப்பில் கூட்டம் கொட்டு முழக்குகிறது. போன மாதம் இதே கூட்டம் ஒரு ரெப்ரியைச் சட்டை கிழிய ஆற்றுமணலில் விரட்டியது. ஜனகராஜ் விசில் ஊதுகிறார். “கோல் இல்ல. வெயில்ல என் கண்ணு பிசகிருச்சு. தப்பு என்னுது!” கொட்டு நிற்கிறது. அவர் காலடியில் ஒரு செருப்பு வந்து விழுகிறது. “புடிங்கடா அந்தாள!” எல்லைக் கயிற்றைத் தாண்டிக் கூட்டம் பாய்கிறது. அதற்கு முன்பே, கோல் அடித்த நல்லகாமன் ஓடிவந்து அவருக்கு முன்னால் குறுக்கே நிற்கிறான். மூங்கிலின் வெளிப்பக்கத்தில் பந்து வழித்த இடத்தைத் தடவி, வெள்ளை ஒட்டாத விரலை ஊருக்குக் காட்டுகிறான். “அண்ணே சொல்றது நெசம். பந்து வெளிய போனது எனக்கு அப்பவே தெரியும். நாந்தேன் வாயத் தொறக்கல.” தன் தலைத்துண்டை அவிழ்த்து, வியர்வை ஈரத்தோடு ஜனகராஜின் தலையில் பரிவட்டமாகக் கட்டுகிறான். யாரோ ஒருவன் கொட்டில் ஒரு தட்டுத் தட்டுகிறான். பிறகு பொட்டலே அதிர்கிறது. ஜனகராஜ் தலைக்கட்டோடு விசிலை வாயில் வைக்கிறார். ஆட்டம் இன்னும் மூன்று நிமிஷம் இருக்கிறது.