பெருகிய ஏரி

"கம்பெனிக்காரங்க எழுதிக் குடுத்ததை ஒப்பிச்சுட்டுப் போகத்தான் வந்தீங்களா மேடம்?"

முன்வரிசையில் பாயில் சம்மணம் போட்டிருந்த நுரைனி கேட்டாள். போன வெள்ளத்தில் வீட்டை இழந்தவள். பொதுச் சமையலிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தாள். கையில் இன்னும் கரண்டி இருந்தது.

வூலானுக்குச் சுருக்கென்றது. பல்கலைக்கழகத்தில் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து நகரம் வளர வளர நீர்நிலை என்னவாகிறது என்று கணக்கிடுவது அவள் வேலை. இந்த ஊருக்கு இதற்கு முன் வந்ததே இல்லை. கொட்டும் மழையில் அரசாங்கக் கார் அவளை இந்தப் பந்தல் வாசலிலேயே இறக்கி விட்டிருந்தது. கம்பெனிக்காரர் நீட்டிய காப்பியைக்கூட அவள் தொடவில்லை. அவளைப் பார்த்து இப்படி ஒரு பேச்சா?

கம்பெனி இரண்டாம் கட்டமாக இன்னும் அறுநூறு வீடு கட்ட அனுமதி கேட்டிருந்தது. மழைத் தண்ணீர் போய்த் தங்க 'வாரிங்கின்' என்ற ஏரி இருந்தால் அனுமதி உண்டு. ஏரி இல்லையென்றால் இல்லை. இருக்கிறதா என்று சொல்ல வேண்டியது வூலானின் வரைபடம்.

"நான் யாருக்கும் ஆள் இல்லைங்க," என்றாள் குரலை அடக்கி. "மேலேயிருந்து எடுத்த படம் பொய் சொல்லாது. ஒவ்வொண்ணும் வெளிச்சத்தை ஒவ்வொரு மாதிரி திருப்பி அனுப்பும். பச்சையா இருந்தா மரம், செம்மண் நிறமா இருந்தா ஓட்டுக்கூரை, நீலமா இருந்தா தண்ணி. கம்ப்யூட்டரே பிரிச்சுக் குடுத்துடும்."

"ஏரி எப்படி இருக்குன்னு சொல்லுங்க," என்று எடுத்துக் கொடுத்தார் அதிகாரி சுரோத்தோ.

"நடுவுல ஒரு வருஷம் வறட்சியில வத்திப் போயிருக்கு. அப்புறம் தண்ணி வந்து, வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாப் பெருகியிருக்கு."

பந்தல் முழுக்கச் சிரிப்பு வெடித்தது. கேட்கவே எரிச்சலூட்டும் சிரிப்பு.

"வறட்சியாம்ல," என்றாள் நுரைனி. "அது லாரி வந்த வருஷம் மேடம். ராப்பகலா மண்ணைக் கொட்டி மேடாக்குனாங்க. அன்னைக்கிருந்துதான் தண்ணி போக இடமில்லாம எங்க வீட்டுக்குள்ள வருது. அந்த மேடு எதுன்னு கேளுங்க, இதோ இந்த—"

"உக்காரும்மா," என்று சுரோத்தோ மேசையைத் தட்டினார். "படிச்சவங்க பேசும்போது நடுவுல பேசக்கூடாது."

கம்பெனியின் ஹர்த்தாந்தோ எழுந்து சட்டையை நீவி விட்டுக்கொண்டார். "வெள்ளம் வந்தா முதல்ல ஓடி வர்றது யாரு? நாங்கதான். குடும்பத்துக்கு நாலு தார்ப்பாய். போன வருஷமும் குடுத்தோம், அதுக்கு முந்தின வருஷமும் குடுத்தோம். நன்றி வேணாம், நாக்கையாவது அடக்கலாம்."

"வீட்டை முழுகடிச்சுட்டுக் கூரைக்குத் துணி குடுக்கறாரு, மகராசன்," என்றாள் நுரைனி. "மொத வருஷம் வந்தவங்களே இன்னும் வீடு திரும்பலை. வருஷா வருஷம் கூடாரம் கூடிக்கிட்டேதான் போகுது."

சுரோத்தோ அவளைக் கவனிக்காதது போல ஒரு தாளை வூலான் பக்கம் தள்ளினார். 'ஏரி உள்ளது' என்று அச்சடித்திருந்தது. வெள்ளைத் தாள்தான், ஆனால் அந்தப் பந்தலுக்குள் எதுவுமே வெள்ளையாகத் தெரியவில்லை. "கையெழுத்துப் போடுங்க மேடம். மழை விடறதுக்குள்ள முடிச்சுடலாம்."

வூலான் பேனாவை எடுத்தாள். எடுத்தவளுக்கு மனம் ஆறவில்லை. பத்து வருடப் படங்களைக் கண் எரிய எரிய உட்கார்ந்து பார்த்தவளை, ஒன்றும் தெரியாத கூட்டம் பொய்க்காரி என்கிறதே. அந்தச் சிரிப்போடு அவளால் ஊர் திரும்ப முடியாது.

பேனாவை வைத்துவிட்டுக் குடையை எடுத்தாள். "எல்லாரும் எந்திரிங்க. ஏரிக்கே போவோம். தண்ணியைக் கண்ணால பார்த்துட்டு அப்புறம் பேசுங்க."

ஒருவரும் எழவில்லை. ஹர்த்தாந்தோ மட்டும் அவசரமாக, "இந்த மழையில எதுக்கு மேடம்?" என்றார்.

"நான் போறேன். யாராவது வழி காட்டுங்க."

நுரைனி சிரிக்கவில்லை. அவள் குரலில் இப்போது கோபம்கூட இல்லை. "குடையை வைங்க மேடம். நீங்க வந்து சேர்ந்து ரொம்ப நேரமாச்சு."

வூலான் எரிச்சலோடு கைப்பேசியில் தன் வரைபடத்தைத் திறந்தாள். அவள் நிற்கும் இடத்தைக் காட்டும் சிவப்புப் புள்ளி, வாரிங்கின் ஏரியின் நட்டநடுவில் மினுக்கிக்கொண்டிருந்தது.

அவள் மெல்லத் தலையைத் தூக்கினாள். மேலே மழை தடதடத்துக்கொண்டிருந்த பந்தலும், அதற்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய வரை அந்த மேட்டில் நெருக்கியடித்து நின்ற கூடாரங்களும் கம்பெனி கொடுத்த தார்ப்பாய்கள்தான், அத்தனையும் நீலம்.