கிணற்றுக்குள் வைக்கோல்

“குதிக்கிறேன்னு எழுதிக்குங்க தம்பி.”

“சார், அது பாழுங்கிணறு. அடி தெரியல. பக்கத்துலயே படிக்கட்டு இருக்கு.”

“பார்த்தேன். படிக்கட்டு வேணாம். குதிக்கிறேன்.”

பெரியவர் இருபது முகப் பகடையைக் குலுக்கி மேஜையில் உருட்டினார். அது மலைகளுக்கு நடுவே ஓடி நின்றது. மலைகள் என்பவை வாய் அச்சுகள். பல் செட் செய்யும் அந்தப் பட்டறைக்கு ஞாயிறு விடுமுறை. அன்று மட்டும் பிளாஸ்டரில் வார்த்த தாடைகள் மலையாகவும் குகையாகவும் மாறும். சுற்றி உட்கார்ந்தவர்கள் ஆளுக்கொரு வீரனாகி, பகடை விட்ட வழியில் ஒரு கற்பனை நாட்டில் வாழ்ந்து செத்து விளையாடுவார்கள்.

விழுந்த எண் ஒன்று. அதைவிடக் கெட்ட எண் பகடையில் கிடையாது.

கதைசொல்லி பகடையை வெறித்துப் பார்த்தான். ஞாயிறுகளில் பட்டறைக்காரன்தான் கதைசொல்லி; விழுந்த எண்ணுக்கு என்ன நடந்தது என்று சொல்பவன். அவன் மேஜையில் தயவு தாட்சண்யம் இல்லை என்று பேர். புதிதாக வருகிறவரின் வீரன் முதல் நாளே செத்தால், வெற்றுத்தாளை நீட்டி, “அடுத்த ஆளை எழுதிக்கோ” என்பான். ஆனால் இன்றைய புதியவர் அவன் காதலியின் அப்பா. “ஞாயித்துக்கிழமையெல்லாம் அவர் அப்படி என்னதான் பண்றார்னு நானே போய்ப் பார்த்துட்டு, அப்புறம் சம்மதம் சொல்றேன்” என்று மகளிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். மாமனாரை முதல் அரைமணியில் கொன்றுவிட்டுப் பெண் கேட்டவன் உலகத்தில் உண்டா?

“கிணத்துக்குள்ள... வைக்கோல் இருக்கு சார். மெத்துன்னு விழறீங்க.”

எதிரே விளையாடிக்கொண்டிருந்த நண்பன் மெக்கானிக் நிமிர்ந்தான். “கிணத்துக்குள்ள வைக்கோலை யாருடா போட்டது?”

“குதிரைக்காரங்க.”

“குதிரை கிணத்துல இறங்கியா தின்னும்?”

“நடுவுல பேசாதே.”

பெரியவரின் முகம் தொங்கிப்போயிருந்தது. பயந்துவிட்டார், பாவம் என்று கதைசொல்லி நினைத்துக்கொண்டான்.

நாற்பது வருடம் லிஃப்ட் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பியில் ஓர் இழை அறுந்திருந்தாலும் கட்டடம் முழுவதையும் படியேற வைத்த மனிதர். அப்பேர்ப்பட்டவர் கிணற்றிலிருந்து ஏறியதும் நேரே போய் அரண்மனைக் காவலனின் மீசையைப் பிடித்து இழுத்தார். ஆயுள் முழுக்க அடக்கி வைத்த துணிச்சல் போலும்.

காவலனுக்கான பகடையைக் கதைசொல்லிதான் உருட்ட வேண்டும். எப்போதும் எல்லார் கண் முன்னாலும் உருட்டுகிறவன் இன்று ஒரு ஃபைல் அட்டையை நிறுத்தி, அதன் மறைவில் உருட்டினான். இருபது. காவலனுக்கு உச்ச எண், பெரியவருக்குத் தலை போகிற எண்.

“மூணு,” என்றான். “காவலனுக்குக் கூச்சம் வந்து சிரிச்சுட்டான். சிறையோட போச்சு.”

இன்னொரு ஆட்டக்காரியான நர்ஸ் அக்கா அட்டையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். “என் மந்திரக்காரி தும்மினதுக்கே தலையை வெட்டினானே, அதே காவலன்தானே இவன்?”

“திருந்திட்டான் அக்கா.”

சிறையில் பெரியவர் ‘விஷம்’ என்று எழுதியிருந்த குப்பியைத் தேடிப் பிடித்து ஒரே மூச்சில் குடித்தார்.

“காலாவதியான விஷம் சார்.”

“தேதி போட்டிருக்கா?”

“போன ராஜா காலத்துத் தேதி.”

கவசத்தைக் கழற்றி வைத்தார். வாளைப் பக்கத்துக் கைதிக்குத் தானம் செய்தார். சிறையின் பின்வாசல் வழியே மலையேறி, தூங்கிக்கொண்டிருந்த டிராகனின் மூக்கில் இரண்டு தட்டுத் தட்டினார்.

“எழுப்பிட்டேன்னு எழுதிக்குங்க.”

எழுந்த டிராகன் கக்கும் நெருப்பு யாரையாவது எரித்தே ஆக வேண்டும். அட்டைக்குப் பின்னால் விழுந்த எண்ணைக் கதைசொல்லி பார்க்கக்கூட இல்லை.

“டிராகன் உங்க தலைக்கு மேல ஊதிடுச்சு சார். அது மெக்கானிக் மேல விழுந்து... நீ செத்துட்டேடா.”

“நான் ரெண்டு ஊர் தள்ளி லாயத்துல இல்ல இருக்கேன்?”

“நீளமான மூச்சு.”

“எட்டு மாசம்டா. எட்டு மாசமா சோறு தண்ணி பார்க்காம வளர்த்த ஆளு.” மெக்கானிக் தன் தாளை நான்காகக் கிழித்து மேஜையில் வைத்துவிட்டு எழுந்தான். அவன் கதவைச் சாத்திய வேகத்தில் ஒரு கீழ்த்தாடை மலை உருண்டு தரையில் விழுந்து இரண்டாக உடைந்தது.

கதைசொல்லி குனிந்து துண்டுகளைப் பொறுக்கினான். நண்பன் ஒரு வாரத்தில் சமாதானம் ஆகிவிடுவான். பெண் போனால் வருமா?

பத்து மணிக்குத் தொடங்கிய ஆட்டம் நாலு மணிக்கு முடிந்தது. பெரியவரின் வீரன் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் மலையுச்சியில் நின்றான்.

“உயிரோட இருக்கிறவங்க அடுத்த வாரம் வந்தே ஆகணும் சார். இந்த மேஜையோட சட்டம்,” என்று சொல்லிவிட்டு நர்ஸ் அக்கா பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பெரியவர் இடுப்பைப் பிடித்தபடி செருப்பை மாட்டினார்.

“பிடிச்சிருந்ததா சார்?” கதைசொல்லி கதவுவரை கூடவே வந்தான்.

“வரும்போதே பொண்ணு படிச்சுப் படிச்சுச் சொன்னா தம்பி. ‘நடுவுல எழுந்து வந்துடாதீங்கப்பா, அவர் மனசு நொந்துடும். உங்க ஆளு செத்துட்டா மட்டும் கிளம்பி வாங்க. புதுசா வர்றவங்களை அவர் அரைமணி தாங்க விடமாட்டார்’னு.” பெருமூச்சு விட்டார். “இந்தக் கதை இன்னும் எத்தனை வாரம்?”

“பன்னெண்டு, சார்.”

பெரியவர் கண்ணை மூடித் திறந்தார். பிறகு அவன் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிற குரலில் கேட்டார்:

“அடுத்த ஞாயித்துக்கிழமையாவது, பதினோரு மணிக்குள்ள என்னைக் கொன்னுடறீங்களா, மாப்பிள்ளை?”