ஏறிய கடல்

"நம்ம ஊர்லதான் கடல் படுவேகமா ஏறுது!" என்று டிவியில் அலறிய கடல்மட்ட ஆய்வு நிலைய இயக்குநர், கரையோரம் தனியாக இருந்த மாமியாரைக் கையோடு வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். அன்றோடு அவர் நிம்மதி போயிற்று.

ஒரு மாதம் கழித்து, நில அளவையாளரான மனைவி சொன்னாள்: "கடல் எல்லா ஊர் மாதிரிதாங்க ஏறுது. உங்க அளவுகோல் நிக்கிற தரைதான் அமுங்குது."

"தரை எப்படி அமுங்கும்?"

"பனியுகத்துல பனிக்கட்டி பாரத்துல கண்டமே அமுங்குச்சு. பனி உருகின பிறகு இன்னமும் எழும்பிக்கிட்டிருக்கு. இங்க பாரம், அளவுகோல் பக்கத்துலயே சேத்துமண்ணுல நீங்க கட்டின ஏழு மாடி ஆபீஸ்!"

"ஐயோ, மெதுவா பேசு! வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்."

கூடத்திலிருந்து மாமியார் குரல் கொடுத்தார்: "மாப்பிள்ளை, கடல் இறங்குற வரைக்கும் நான் இங்கதான்!"

இயக்குநர் பாய்ந்துபோய் டிவிக்காரர்களுக்குப் போன் போட்டார். "நான் சொன்னது சுத்தத் தப்புங்க. இப்பவே நேரலைக்கு வரட்டுமா?"