பல் டாக்டரின் இடுக்கி

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் தேடி நான் கண்டுபிடித்த நீல வால் ஊசித்தட்டான், இப்போது பல் டாக்டரின் ஐஸ் பெட்டிக்குள் கிடக்கிறது. சதுப்புக் காட்டில் முழங்கால் வரை சேற்றில் நிற்கிறோம்: மாலை நேரப் புகைப்பட வகுப்பில் என்னோடு படிக்கும் அவரும், அவருக்குக் குடை பிடித்தபடி அவர் மனைவியின் தம்பியும், நானும். என் சின்னக் கேமராவில் அது மங்கலாகத்தான் விழுந்தது. இது இங்கே இருக்கிறது என்பதைத் தெளிவான படம் இல்லாமல் யார் நம்புவார்கள் என்று நான்தான் இவரை அழைத்து வந்தேன். பெரிய கேமரா வைத்திருப்பவருக்குக் கண்ணும் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். "பத்து நிமிஷம் குளிர்ல வச்சா சொன்ன பேச்சு கேக்கும், தங்கச்சி" என்கிறார். "அக்காவையும் ஒரு தடவ வச்சுப் பாருங்க மாமா" என்கிறான் குடைக்காரன். இருவரும் குலுங்கிச் சிரிக்க, வேர்களுக்கிடையே தேங்கிய கறுப்புத் தண்ணீர் லேசாக ஆடுகிறது. டாக்டர் பூச்சியை எடுத்து, தனக்குப் பிடித்த பளபளப்பான இலையில் வைக்கிறார். சொத்தைப் பல்லைத் தேடுகிற முகத்தோடு, இடுக்கியால் அதன் சிறகுகளை இரு பக்கமும் விரிக்கிறார். உட்காரும்போது இது சிறகை முதுகின் மேல் மடித்துக்கொள்ளும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். காதில் போட்டுக்கொண்டால்தானே. கேமரா சடசடவென்று அடிக்கிறது. இலை சாய, பூச்சி தண்ணீரில் விழுந்து அசையாமல் மிதக்கிறது. அவர் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். "என்னமா போஸ் குடுத்திருக்கு பாரு! இன்னொண்ணு இருக்குமா, தங்கச்சி?" அவர் தோளுக்கு ஒரு முழம் பின்னால், கோரைத் தண்டில், சிறகை மடித்தபடி இன்னொன்று உட்கார்ந்திருக்கிறது. எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் சொல்லாதவள் நான். "இல்ல டாக்டர்" என்கிறேன் உடனே. "இது ஒண்ணுதான் இருந்துச்சு."