அதை நம்பி என்ன இருக்கு?

“கதவைச் சாத்தாதீங்க மேடம். உள்ளே ஆள் இருக்கும்போது திறந்தே இருக்கணும்” என்றார் வாட்ச்மேன்.

மருத்துவமனை சர்வரில் லினக்ஸை அப்கிரேட் செய்ய வந்திருந்த பொறியாளருக்கு எரிச்சலாக இருந்தது. வேலை ஆரம்பித்ததிலிருந்து இந்த மனிதர் மூன்றாவது தடவையாக வாசலில் வந்து நிற்கிறார்.

நான்கு மணிக்குள் சர்வரைத் திருப்பித் தருவதாக அவள் எழுதிக் கொடுத்திருந்தாள். அதுவரை வார்டுகளில் எல்லாமே தாளில்தான். இப்போது மணி மூன்றரை, திரையில் வேலை பாதியில் நின்றிருந்தது. பல புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஒரு லைப்ரரியின் புதிய பதிப்பைப் புது சிஸ்டம் கேட்டது. உள்ளே இருந்த பழைய பதிப்பு இடம் விட மறுத்தது.

“என்னாச்சு மேடம்?”

“பழசும் புதுசும் முட்டிக்குது. பழசைத் தூக்கிட்டா சரியாயிடும். ரெண்டு நிமிஷம்.”

“அதை நம்பி வேற என்ன இருக்குன்னு பாத்துட்டீங்களா?”

அவள் நாற்காலியோடு திரும்பி முறைத்தாள். “ஆளாளுக்கு யோசனை சொல்ல இது கல்யாண வீடு இல்லண்ணே. நீங்க வாசலைப் பாருங்க.”

“மேல குழந்தைங்க வார்டு இருக்கு” என்றார் அவர். நகரவில்லை.

அவர் வாயை அடைப்பதற்காகவே தேடிப் பார்த்தாள். முறைப்படி ஏற்றியவற்றின் பட்டியலில் இல்லாத ஒரு புரோகிராம் அகப்பட்டது. யாரோ கையால் ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள். குழந்தையின் எடையைக் கொடுத்தால் மருந்தின் அளவைச் சொல்லும் புரோகிராம் அது.

அதைத் தன் லேப்டாப்பில் புது லைப்ரரியோடு ஓட்டிப் பார்த்தாள். நான்கு கிலோ குழந்தைக்கு நாற்பது கிலோவுக்கான மருந்து வந்தது. பிழை என்று ஒரு வரிகூட வரவில்லை. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

பழைய பதிப்பைத் தனி இடத்தில் வைத்து, அந்தப் புரோகிராம் மட்டும் அதை எடுத்துக்கொள்ளும்படி செய்தாள். அப்கிரேட் முடிந்ததும் இருபது எடைகளைப் போட்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. மணி ஐந்தாகியிருந்தது. யாராவது கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

கிளம்பும் முன் பழைய பதிவுகளைப் புரட்டினாள். ஒன்பது வருடத்துக்கு முன்பும் இதே மோதல் வந்திருந்தது. எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு யாரோ புதியதைக் கட்டாயமாக ஏற்றியிருந்தார்கள். மூன்றாம் நாள் அவசர அவசரமாகப் பழையதற்கே திரும்பியிருந்தார்கள்.

“அண்ணே, நீங்க இங்க ரொம்ப நாளா இருக்கீங்களா? ஒன்பது வருஷம் முன்னாடி, குழந்தைங்க வார்டுல ஏதாவது...”

“ரெண்டு குழந்தைங்க” என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

அவள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

“எந்தப் பாவி செஞ்ச வேலை இது? அவனை வேலையை விட்டாவது துரத்தினாங்களா?”

“இல்ல மேடம். மிஷின் கோளாறுன்னு எழுதி மூடிட்டாங்க.”

அவர் கதவின் பிடியைப் பற்றிக்கொண்டார்.

“நான்தான் சர்வர் வேலை வேணாம், வாட்ச்மேன் வேலை போதும்னு கேட்டு வாங்கிக்கிட்டேன்.”