பச்சை ஒளி

சாப்பாட்டு நேரம். பனியன் கம்பெனியில் மெஷின்கள் ஓய்ந்திருக்க, நதியாவின் செல்போனில் மட்டும் போர்க்களம் எரிகிறது. அந்த விளையாட்டில் அவள் வைத்தியக்காரி. அரசன் கைகாட்டுகிறவர்களுக்கு மட்டும்தான் வைத்தியம் என்பதை ஏற்காமல் அரண்மனையை விட்டு வெளியேறியவள். நெஞ்சில் தைத்த அம்போடு எழுந்து நிற்கிறாள். உள்ளங்கையில் உயிர் கொடுக்கும் பச்சை ஒளி துடிக்கிறது. அவளுடைய அணியில் ஆடும் சூப்பர்வைசர் மோகன்ராஜ் எதிர் பெஞ்சிலிருந்து கத்துகிறார்: "நதியா, சீக்கிரம் ஹீல் போடு கண்ணு! செத்துருவனாட்ட இருக்குது!" பக்கத்தில் ஆஷா இடது கையால் சோற்றைப் பிசைகிறாள். வலது விரலில் சுற்றிய பனியன் வேஸ்ட் துணி சிவந்து ஊறியிருக்கிறது. காலையில் அந்த விரலில் மெஷின் ஊசி ஏறியபோது மோகன்ராஜ் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னதை, நதியா பல்லைக் கடித்துக்கொண்டு அவருக்கே திருப்பிச் சொல்கிறாள்: "வேஸ்ட்டச் சுத்திக்கிட்டு உக்காருங்க சார். தைக்க வேண்டிய பீஸ் நிக்குதுல்ல?"